ஐந்தாம் நாள் பிரித்த தையல்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு என் மகளின் இடது முட்டி பிளந்தது.

நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் பெரிய மாமா. என் வீட்டுக்காரருக்கு அண்ணன். நல்ல நேரம் ஐந்தரையோடு முடிகிறது என்பதால் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, களத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியவர்களின் காலில் பிள்ளைகளை விழவைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு இருவது ஆயிப்போச்சு. வெரசா உழுங்க சாமி" என்றார்.

பூங்கொடி ஆறாவது ஆளின் காலில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அம்மா" என்றாள். கத்தவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரல். "அம்மா, முட்டியில ஏதோ தொறந்துக்கிச்சு."

திருவிழாவுக்கென்று எடுத்த மஞ்சள் பாவாடை. முட்டி இருந்த இடத்தில் முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது.

கத்தரிக்கோல் கேட்ட வாசகி

சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்தைப் பற்றி எழுதியபோது, என்னுடைய டிசெக்‌ஷன் பெட்டியில் மட்டும் கத்தரிக்கோல் கிடையாது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பரமத்தியிலிருந்து ஒரு வாசகி, "விலங்கியல் ஆசிரியையின் கத்தரிக்கோல் எங்கே போயிற்று?" என்று அஞ்சலட்டை போட்டிருக்கிறார்.

அம்மா, அதை நான்தான் கிணற்றில் போட்டேன். போடும்படி ஆன கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பூங்கொடி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஆனாலும் ஒரு வீட்டில் யாராவது குழந்தையைப் பார்த்து, "காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கோ" என்று சொன்னால் நான் அங்கே நிற்பதில்லை. கல்யாண வீடுகளில் அந்த நேரம் வந்தால் மெதுவாகச் சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவேன். இதனால் எங்கள் சொந்தத்தில் எனக்குக் கர்வக்காரி என்று பெயர். படித்த மருமகள், அதுவும் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் என்றால் கர்வம் இருக்கத்தான் செய்யும் என்று அவர்களே ஒரு காரணமும் சொல்லிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்வதைவிட அது மேல்.

அரம் போடாத ஓரம்

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வியாழன்.

நாமக்கல்லிலிருந்து சேலம் சாலையில் ஆறு மைல் வந்து, உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். ஒரே களத்தைச் சுற்றி மூன்று வீடுகள். ஒன்றில் நாங்கள். ஒன்றில் பெரிய மாமா. மூன்றாவதில் இவர்கள் இருவருக்கும் மூத்தவரான என் நாத்தனார். பூங்கொடிக்கு அப்போது பதின்மூன்று வயது. ஜூன் மாதம் டவுன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டால்தான் டவுன் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு நிற்க முடியாது என்று அவளே ஒரு சட்டம் போட்டு, அப்பாவின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டாள்.

சைக்கிளுக்குச் செயின் கவர் இல்லை. பெரிய மாமா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். மிச்சத் தகட்டில் ஒரு கவர் வெட்டி, இரண்டு போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார். லாரிக்கு வெட்டிய கை. கவர் சைக்கிளைவிட கனமாக இருந்தது.

"ஓரம் கூரா இருக்குது கண்ணு. நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டா. அரம் போட்டுத் தாரேன்" என்றார்.

அவர் சொன்ன அந்த 'நாளைக்கு' நாலைந்து நாளாகியும் வரவில்லை.

வியாழன் மாலை, கிணற்று மேட்டுத் திருப்பத்தில் மணல் சறுக்கி அவள் விழுந்தாள். முட்டி போய் அந்தத் தகட்டு ஓரத்தில் இறங்கியது. முட்டிச் சில்லுக்குக் கீழே, குறுக்காக, ஒரு சுண்டுவிரல் நீளம். கத்தியால் வகுந்த மாதிரி நேரான வெட்டு.

நூற்றுக்கணக்கான தவளைகளைத் திறந்து காட்டியவள் நான். என் மகளின் முட்டி திறந்திருந்ததைப் பார்த்ததும் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். துண்டைக் கிழித்துக் கட்டி, அவளைத் தோளில் போட்டு டவுன் பஸ் ஏற்றியது அவளுடைய அப்பாதான். அவர் கிணற்று மோட்டாரைத் தவிர வேறு யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அன்றைக்குக் கண்டக்டரிடம்கூட, "கொஞ்சம் சீக்கிரமாப் போகச் சொல்றீங்களா, பொண்ணுக்கு அடிபட்டிருக்குதுங்க" என்றுதான் கேட்டார்.

எங்களுக்குப் பழக்கமான டாக்டர் நாமக்கல்லில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு சுருக்கம். புண்ணை நன்றாகக் கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, கறுப்பு நூலில் ஏழு தையல் போட்டார். ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"டாக்டர், நடுநடுவே இன்னும் ரெண்டு மூணு போட்டா பலமா இருக்குமில்லீங்களா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "இது ஜவ்வரிசி மூட்டை இல்லை டீச்சர். நூல் புண்ணை ஆத்தாது. ரெண்டு ஓரத்தையும் பக்கத்துல நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். ஒட்டிக்கறது தோலோட வேலை. நெருக்கிப் போட்டு இறுக்கிக் கட்டினா ஓரத்துக்கு ரத்தம் போகாது. ஒட்ட வேண்டிய இடமே செத்துப்போயிடும்."

பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: "பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் முட்டி மடங்கக் கூடாது."

பத்து நாள் என்றார். ஏன் பத்து என்று நான் கேட்கவில்லை. ஏழு தையல் போதுமா என்று கேட்டவள், அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சுற்றிலும் நிபுணர்கள்

எங்கள் சீமையில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை இன்னொன்றோடு இணைத்துத்தான் பிழைக்கிறார்கள். தகட்டையும் தகட்டையும் சேர்ப்பவர், அறுந்த இழையை முடிபவர், ஜவ்வரிசி மில்லில் சாக்கு வாய் தைப்பவர், டயருக்குப் பட்டை ஒட்டுபவர். அதனால் பூங்கொடியைப் பார்க்க வந்தவர்கள் யாரும் பூங்கொடியைப் பார்க்கவில்லை. தையலைப் பார்த்தார்கள்.

சாக்கு தைப்பவர் உதட்டைப் பிதுக்கினார். "தனித்தனியா முடிச்சுப் போட்டு வெச்சிருக்காங்க. ஒரே நூலா ஓட்டமா இழுத்திருந்தா அம்சமா இருந்திருக்கும்."

"ஒரே நூல்னா ஒரு எடத்துல அறுந்தா முச்சூடும் பிரிஞ்சுக்கும்ல? தனி முடிச்சுதான் பந்தோபஸ்து" என்றார் பக்கத்துத் தோட்டத்துத் தறிக்காரர்.

இருவரும் என் மகளின் காலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வாதாடினார்கள். பிற்பாடு நான் படித்த புத்தகத்தில் இதே வாதத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். இவர்கள் பேசியது இன்னும் தெளிவாக இருந்தது.

பெரிய மாமா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒத்தை வரிசை ரிவெட்டு" என்றார். அந்தச் செயின் கவரை அன்றைக்கே கழற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு செவ்வாய் வரை அவர் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை.

என் நாத்தனார் நூலையே நம்பவில்லை. அவருக்கு ஆதாரம், தன் தம்பியின் மண்டை. என் வீட்டுக்காரருக்கு ஆறேழு வயதில் கிணற்று ராட்டினம் விழுந்து உச்சந்தலை பிளந்துவிட்டதாம். ஊர் நாவிதர் வந்து, புண்ணுக்கு இந்தப் பக்கத்து மயிரையும் அந்தப் பக்கத்து மயிரையும் கற்றை கற்றையாகச் சேர்த்து முறுக்கி, குறுக்கே முடிச்சுப் போட்டுவிட்டாராம். ஊசியும் இல்லை, நூலும் இல்லை.

"மண்டை ஒட்டிக்கிச்சா இல்லையா? இந்தா நிக்கறானே, பாத்துக்கோ" என்று தம்பியின் தலையைப் பிடித்துக் குனியவைத்துக் காட்டினார்.

பல்லி வால் போல மெலிந்த வெள்ளைக் கோடு. நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

"முட்டியில மயிர் இல்லீங்களே அண்ணி" என்றேன்.

"அதைத்தான் அம்மிணி நானும் சொல்றேன். சாமி எந்தெந்த எடத்துல அடிபடும்னு தெரிஞ்சு அங்கங்க குடுத்திருக்குது. நாமதான் கண்ட எடத்துல அடிபட்டுக்கறோம்."

காப்பும் கத்தரியும்

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக் கூடி, வருகிற செவ்வாய் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு என்று முடிவாகிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்புக் கட்டினால் திருவிழா முடிய எங்கள் ஊரில் பதினைந்து நாள். அன்று ஊரில் இருப்பவர்கள் அதுவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. சவரம் கூடாது, நகம் வெட்டக் கூடாது. ஊசி, கத்தரி, பிளேடு எதுவும் உடம்பில் படக் கூடாது. எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், கோயிலில் கட்டியதும் வீட்டுக்கு வந்து ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் துண்டு கோத்த நூலைக் கட்டி, பெரியவர்கள் எல்லோர் காலிலும் விழவைப்பார்கள்.

டாக்டர் சொன்ன பத்தாம் நாள் காப்புக்குள் விழுந்தது. காப்பு அவிழும்வரை விட்டால் இருபது நாளுக்கு அருகில் போகும். அத்தனை நாள் நூல் உள்ளே இருந்தால் தோல் அதன்மேல் வளர்ந்து மூடும், சீழ் வைக்கும். அது எனக்குத் தெரியும். முட்டிக்குள் சீழ் இறங்கினால் கால் மடங்காமலே போகலாம் என்பதும் தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவளுக்கு வருகிற பயம் முழுதாக வரும்.

பூங்கொடியைக் காப்புக்கு முன்னாலேயே ஆத்தூரில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றேன். ஊரில் இல்லாதவர்களைக் காப்பு கட்டுப்படுத்தாது.

"மஞ்சப் பாவாடை எடுத்தது எதுக்கு? ஆத்தூர்ல கொண்டுபோய்க் கட்டறதுக்கா?" என்றாள் பூங்கொடி. அவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். நான் பாவாடையைப் பார்த்தேன். அந்த யோசனை அங்கேயே செத்தது.

அப்போதுதான் பெரிய மாமா தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். பட்டறையில் ஜாக்கிக் கம்பி எகிறிப் பிளந்த புருவம். சேலத்தில் தைத்தார்கள். "எனக்கு அஞ்சே நாள்தானுங்க. அஞ்சாம் நாள் பிரிச்சு உட்டுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் கிண்ணுனு இருக்குது."

வியாழனையும் சேர்த்து எண்ணினால் திங்கள் ஐந்தாம் நாள். எங்கள் பக்கத்தில் எதையும் அப்படித்தான் எண்ணுவார்கள். நடந்த நாளும் ஒரு நாள், நடக்கப்போகிற நாளும் ஒரு நாள். உண்மையில் நாலு நாள்தான் ஆகியிருந்தது.

திங்கள் காலை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் ஏதோ கல்யாணத்துக்குச் சேலம் போயிருக்கிறார், செவ்வாய் சாயங்காலம்தான் வருவார் என்றார் கம்பவுண்டர். "நீங்க பிரிச்சு விடுங்களேன்" என்றேன்.

"டாக்டர் பத்துன்னு எழுதியிருக்காரு. நான் அஞ்சுல தொட்டா என்னைப் பிரிச்சுருவாரு" என்று சொல்லிவிட்டு அவர் மருந்து கலக்கப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஒரு விலங்கியல் ஆசிரியை விழித்துக்கொண்டாள். புருவமும் தோல், முட்டியும் தோல். தோல் தோல்தானே?

தவளைக் கத்தரி

டிசெக்‌ஷன் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரியையும் இடுக்கியையும் எடுத்துப் பாலுக்கு வைத்திருந்த பாத்திரத்தில் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்தேன். பூங்கொடி அடுப்படி வாசலில் காலை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது தவளை அறுத்த கத்தரிதானே?"

"வேகவெச்சாச்சு."

"தவளையையா?"

"வாயை மூடு. காலை நீட்டு."

"ஏம்மா, டாக்டர் பத்து நாள்னுதானே சொன்னாரு?"

"டாக்டருக்குக் காப்பு தெரியாது."

முடிச்சை இடுக்கியால் தூக்கி, அடியில் தோலை ஒட்டி வெட்டி, ஒரு பக்கமாக இழுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்ன நெளிவோடு வந்தது. ஏழையும் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். முட்டியில் சிவந்த கோடு மட்டும் இருந்தது. ரத்தம் ஒரு துளி இல்லை. என் நாத்தனார் எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரி வெச்சுரு அம்மிணி" என்றார். அன்று ராத்திரி நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏன் ஒரு துளி ரத்தம் வரவில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மேல்தோல் இரண்டு மூன்று நாளிலேயே மூடிக்கொள்ளும். பார்ப்பதற்கு ஆறிய மாதிரி இருக்கும். உள்ளே ஓரத்தை ஓரத்தோடு கட்டுகிற நார் அப்போதுதான் பின்னத் தொடங்கியிருக்கும். நூல் தாங்கிக்கொண்டிருந்த இழுப்பை அது இன்னும் தாங்காது. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், இழுப்பு குறைவு, அதனால் சீக்கிரம் பிரித்துவிடலாம். முட்டி மடங்கும்போதெல்லாம் தோலை இரண்டு பக்கமும் இழுக்கும், அதனால்தான் கூடுதல் நாள். மூன்று வாரத்தில்கூடப் பழைய பலத்தில் கால்வாசி வந்தால் அதிகம். மாதக்கணக்கில் பொறுத்தாலும் முழுப் பலம் திரும்பவே திரும்பாதாம்.

இதை எல்லாம் சொல்கிற புத்தகம் பள்ளிக்கூட நூலகத்தில், என் மேசைக்கு எதிரே இருந்த அலமாரியிலேயே இருந்தது.

அரைக் கும்பிடு

செவ்வாய் மாலை களத்தில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சொந்தபந்தம் சேர்த்து ஒன்பது பேர். பூங்கொடியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன்: குனிந்து கால் தொட்டால் போதும், மண்டி போடாதே.

முதல் ஆளிடம் அப்படித்தான் செய்தாள்.

"அதென்ன அரைக் கும்பிடு?" என்றார் நாத்தனார். "உன்ற அம்மா பள்ளிக்கூடத்துல இப்படித்தான் சொல்லிக் குடுக்கறாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்போதே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சிரித்தேன்.

பூங்கொடி இரண்டாவது ஆளிலிருந்து முழுதாக மண்டியிட்டு விழ ஆரம்பித்தாள். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது நாத்தனாரின் கால்.

அதன் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கோடு இருந்த இடத்தில் வாய் இருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. கொதிநீரில் அலசி வைத்திருந்த துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் வந்திருப்பாரு. மறுபடி தையல் போடணும். வண்டி பாருங்க" என்று கத்தினேன்.

பெரிய மாமா முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் அவர் குடும்பத்துக்குப் பெரியவர். "காப்புக் கட்டியாச்சு அம்மிணி. ஊசி படலாமா?"

"காப்பு கையிலதானுங்க மாமா இருக்குது. புண்ணு கால்ல."

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வாக்கியம் அது.

"பெரியப்பா சொல்றதுதான் சரி" என்றாள் பூங்கொடி, கீழே படுத்தபடி. "சாமிக் குத்தம் ஆயிரும். ஊசி வேண்டாம்."

"மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சு அப்பிப் பாக்கலாம்" என்று நாத்தனார் எழுந்தார். "வேண்டாங்க அண்ணி" என்று நான் போட்ட சத்தத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். மோட்டாரிடம் பேசுகிற குரல்.

"அண்ணா. வண்டியை எடு."

பாடி இல்லாத வண்டி

டவுன் பஸ் போய்விட்டிருந்தது. இருந்த ஒரே வண்டி, பாடி கட்டுவதற்காக வந்து, பட்டறையில் இடமில்லாமல் களத்தோரம் நின்ற ஒரு சேஸ். என்ஜினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டும்தான். கூரை கிடையாது, கதவு கிடையாது. டிரைவர் உட்கார ஒரு மரப்பெட்டி கட்டியிருந்தார்கள். திறந்த முட்டியோடு ஒரு குழந்தையை அதில் ஏற்ற முடியாது.

"டாக்டரைக் கூட்டிட்டு வாரேன்" என்றார் பெரிய மாமா. "வந்து பாக்கட்டும். அவரு என்ன சொல்றாரோ அதும்படி." ஒரு முக்காலியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஓடினார். முக்காலி டாக்டருக்கு.

ஆறு மைல் போக, ஆறு மைல் வர. பூங்கொடியின் கால் என் மடியில் இருந்தது. கால் மடங்குமா, மடங்காதா? நான் நினைத்தது அது ஒன்றுதான். ஜூன் மாதம், டவுன் பள்ளிக்கூடம், சைக்கிள் எல்லாம் போகட்டும். இந்தப் பெண் நாளைக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட முடியுமா?

அவளுடைய அப்பாவிடம் துணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். கத்தரிக்கோலை எடுத்துக் கிணற்றில் போட்டேன்.

"எதையம்மிணி போட்டே?" என்றார் பின்னாலேயே வந்த நாத்தனார்.

"ஒண்ணுமில்லீங்க அண்ணி."

"இரும்புச் சத்தமாக் கேட்டுச்சே."

அவர் என்னையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "நான் அந்தப் புள்ளைய முழுசா உழுன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு அவசரமாக அடுப்படிப் பக்கம் போய்விட்டார், வெந்நீர் வைக்க.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. வெறும் சேஸின் சத்தம் தனி. சத்தத்தை அடக்க மேலே ஒன்றும் இல்லாமல் ஊரெல்லாம் இரையும்.

முக்காலியில், இடுப்பில் கயிற்றோடு, தலையில் துண்டு கட்டி, புருவம்வரை செம்மண்ணோடு டாக்டர் வந்து இறங்கினார். மருந்துப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"முதல்ல தண்ணி" என்றார். "முகத்துக்கு. அப்புறம் கைக்கு."

துணியை எடுத்துப் பார்த்தார். வெந்நீரில் கழுவினார். பூங்கொடியிடம் கால் விரலை ஆட்டச் சொன்னார். முட்டியைச் சுற்றி அழுத்திப் பார்த்தார்.

"மூட்டு வரைக்கும் போகலை" என்றார்.

"மறுபடி தையல் போட்டுருங்க டாக்டர். பத்து வேணும்னாலும் போடுங்க" என்றேன்.

"ஐயா, காப்புக் கட்டியிருக்குதுங்க" என்றார் பெரிய மாமா அதே நேரத்தில்.

டாக்டர் கையைத் தூக்கினார். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. இந்த ஓரத்தைப் பாருங்க, ஊறிக் கிடக்கு. மண்ணு வேற பட்டிருக்கு. இப்ப நூலைக் கோத்து இழுத்தா நனைஞ்ச காகிதத்தைத் தைச்ச கதைதான், கிழிச்சுக்கிட்டு வந்துடும். உள்ள அழுக்கையும் வெச்சு மூடின மாதிரி ஆகும். ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம்."

பெரிய மாமா மாரியம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

டாக்டர் பிளாஸ்திரியை மெல்லிய பட்டைகளாக வெட்டினார். ஒரு ஓரத்தில் ஒட்டி, மெதுவாக இழுத்து, மறு ஓரத்தில் ஒட்டினார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நீர் வடிய வழி விட்டார். பிறகு முட்டிக்கு அடியில் கொடுக்க ஒரு கட்டை கேட்டார். பெரிய மாமா உள்ளே ஓடி, லாரிக்கு வைத்திருந்த ஒரு பலகையில் துண்டு அறுத்துக்கொண்டு வந்தார். நாலு ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கியிருந்தார். அதற்கே பத்து நிமிடம் ஆகியிருந்தது. டாக்டர் காத்திருந்தார்.

"வாரம் ரெண்டு தடவை நானே வர்றேன். பஸ்ஸுல" என்றார் டாக்டர், கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தி. "அடியிலேருந்து தானா நிறைஞ்சு வரும். நாளாகும். தழும்பு அகலமா இருக்கும். கால் மடங்கும்."

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கால் மடங்கும்.

டாக்டர் பெட்டியை மூடப் போனவர் நிமிர்ந்தார்.

"ஆமா, தையலைப் பிரிச்சது யாரு?"

நாத்தனார் வானத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியைத் தூண்டினார். பூங்கொடி என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"நானுங்க" என்று ஒரு குரல் வந்தது. என் குரல் இல்லை.

பெரிய மாமா ஒரு அடி முன்னால் வந்து நின்றார். "பட்டறையில கட்டிங் பிளேயர் இருந்துதுங்க. காப்புக்கு முன்னால பிரிச்சுரலாம்னு நான்தான் அதுல... தப்புதானுங்க."

டாக்டர் அவருடைய கையைப் பார்த்தார். தகடு பிடித்துத் தடித்த விரல்கள், ஒவ்வொன்றும் வாழைக்காய்ப் பருமன். பிறகு விளக்கைக் கிட்டே நகர்த்தி, புண்ணின் இரு பக்கமும் இருந்த ஊசிப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"ஏழு. ஏழும் முடிச்சுக்கு அடியில, தோலை ஒட்டி வெட்டி, ஒரே பக்கமா எடுத்திருக்கு. ஒரு புள்ளிகூடக் கிழியலை. நூல் துணுக்கு ஒண்ணுகூட உள்ள தங்கலை. எங்க கம்பவுண்டருக்கு இன்னும் இது கைவரலை."

பெட்டியை மூடி எழுந்தார். பெரிய மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஆனால் திரும்பி என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

"கை சரியான கைதான். நாள்தான் தப்பு. அடுத்த தடவை நாளை மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, டீச்சர்."